அப்பா ஏன் வெளியே போவதை நிறுத்தினார்?

கேள்வி: "அப்பாவுக்கு 74 வயது. முப்பது வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது, தனியாகத்தான் இருக்கிறார், வீட்டு வேலைக்கு ஆள் வருகிறது. முன்பெல்லாம் காலையில் ஒரு நண்பரோடு நடக்கப் போவார், சாயங்காலம் நாலு பேரோடு சீட்டு விளையாடுவார். அந்த நண்பர் தன் மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார், அதோடு நடை நின்றது. சீட்டுக்கும் போவதில்லை, கேட்டால் 'எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், பிடிக்கவில்லை' என்கிறார். ஒரு வருடமாக மறதி. பெயர்கள் வருவதில்லை, சொன்னதையே திரும்பச் சொல்கிறார். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மூளைக்குப் பயிற்சி தரும் செயலி ஒன்றைப் போனில் போட்டுக் கொடுத்தேன், தொடக்கூட இல்லை. தனிமைதான் காரணம் என்கிறார் என் கணவர். எனக்கு இது டிமென்ஷியா என்ற மறதி நோயின் தொடக்கமோ என்று பயமாக இருக்கிறது. நினைவாற்றலுக்கு மாத்திரை வாங்கித் தரலாமா? எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிடலாமா? நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம், மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான்."

பதில்:

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம், சீட்டு விளையாடப் போகாததற்கு அப்பா சொன்ன காரணம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள் என்கிறாரே, அது. முதியோர் மருத்துவத்தில் இருக்கும் எங்களுக்கு இது அடிக்கடி காதில் விழும் வாக்கியம், இதைக் கேட்டதும் நினைவாற்றலைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் காதைப் பற்றி விசாரித்துவிடுவோம். வயதாகும்போது பெரும்பாலானவர்களுக்குக் காது மொத்தமாகக் கேட்காமல் போவதில்லை. கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் மங்கும், பேச்சில் ச, ஸ, ஃப மாதிரி எழுத்துகள் அதில் அடிபடும். எதிரில் உட்கார்ந்து ஒருவர் நிதானமாகப் பேசினால் எல்லாம் புரியும். நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசும் இடத்தில், பின்னால் மின்விசிறியோ டிவியோ ஓடிக்கொண்டிருந்தால், சத்தம் கேட்கும், சொல் பிரிந்து கேட்காது. அதனால் "காது நன்றாகத்தானே கேட்கிறது" என்று அவரும் நினைப்பார், நீங்களும் நினைப்பீர்கள்.

அடுத்த முறை போகும்போது கொஞ்சம் கவனியுங்கள். நீங்கள் பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கிறாரா, வாயைப் பார்க்கிறாரா? பக்கத்து அறையிலிருந்து சாதாரணக் குரலில் ஒரு கேள்வி கேட்டால் அந்தக் கேள்விக்கான பதில் வருகிறதா, இல்லை "ம், சரி சரி" என்று பொதுவாக ஒன்று வருகிறதா? போனில் பேசும்போது இரண்டு நிமிடத்தில் "சரிம்மா, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாரா? மற்றவர்கள் சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிக்கிறாரா? கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு ரொம்ப நம்பிக்கையான அடையாளம், ஏனென்றால் விஷயம் புரியாதவர் அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் எப்போது சிரிப்பது என்று முடிவு செய்கிறார். நாள் முழுக்க அப்படி ஊகித்துக்கொண்டே இருப்பது பெரிய வேலை. களைத்துப்போன மனிதர் ஒருநாள் "பிடிக்கவில்லை" என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்.

காதுக்கும் மறதிக்கும் நேரடியாகவே ஒரு தொடர்பு உண்டு. சரியாகக் காதில் விழாத விஷயம் நினைவில் பதிய வழியில்லை. "நேற்றே சொன்னேனே, மறந்துவிட்டீர்களா?" என்று நாம் கேட்பதில் ஒரு பங்கு, நேற்று அவருக்குக் கேட்கவே இல்லை என்பதாக இருக்கும். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், சொன்னதையே திரும்பச் சொல்வதைக் காதை வைத்து விளக்க முடியாது. அதற்குத் தனியாகப் பரிசோதனை வேண்டும், அதற்குக் கீழே வருகிறேன்.

காது மெஷின் போட்டால் மறதி நிற்குமா என்று அடுத்து கேட்பீர்கள். 2023-ல் வெளிவந்த அச்சீவ் ஆய்வு இதைத்தான் பார்த்தது. 70 முதல் 84 வயது வரையுள்ள 977 பேர், எல்லோருக்கும் கேட்கும் திறன் குறைவு, ஒரு பகுதியினருக்கு மெஷின், மற்றவர்களுக்குப் பொதுவான உடல்நல ஆலோசனை, மூன்று வருடம் கவனித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே நீண்டகால இதயநல ஆய்வு ஒன்றில் இருந்து சேர்க்கப்பட்டவர்கள், அதாவது வயதும் கூடி, சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி ஆபத்துகளும் கூடுதலாக இருந்தவர்கள், அவர்களிடம் மட்டும் அறிவாற்றல் குறையும் வேகம் 48 சதவீதம் மட்டுப்பட்டிருந்தது. உங்கள் அப்பா ஏறக்குறைய அந்த இரண்டாவது வகை. ஒரு பிரிவினரிடம் கண்டதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனாலும் மறதிக்கு ஒன்றும் செய்யாவிட்டால்கூட அவர் மறுபடி சீட்டு மேசையில் உட்கார முடிந்தால் எனக்கு அதுவே போதும். முதலில் காது டாக்டரிடம் காட்டுங்கள். சில சமயம் காதில் அடைத்திருக்கும் குறும்பியை எடுத்தாலே பாதி சரியாகும். மெஷின் என்று முடிவானால், முதல் சில வாரம் பாத்திரச் சத்தமும் காகிதச் சத்தமும் எரிச்சலூட்டும், "எடுத்து வைத்துவிட்டேன்" என்பார். விட்டுவிடாதீர்கள், ஒன்றிரண்டு முறை திரும்பப் போய் அளவைச் சரிசெய்துகொண்டால்தான் அது பழகும். கண்ணையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். டிமென்ஷியா தடுப்பு பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையில் புதிதாகச் சேர்த்த இரண்டு ஆபத்துக் காரணிகளில் ஒன்று பார்வைக் குறைவு, மற்றது கெட்ட கொழுப்பான எல்டிஎல். மொத்தம் 14 காரணிகள், இவை எல்லாவற்றையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு, ஒரு தனி மனிதருக்கு "45 சதவீத வாய்ப்பு" என்று படித்துவிடாதீர்கள்.

சரி, பரிசோதனை. சொன்னதையே ஒரு வருடமாகத் திரும்பச் சொல்கிறார் என்றால் அதை வயதின் கணக்கில் எழுதி விட்டுவிட வேண்டாம். பெயர் நாக்கு நுனியில் நின்று கொஞ்ச நேரம் கழித்து வருவது வயதானவர்களுக்குச் சகஜம். கேள்வியைக் கேட்டு, பதிலையும் வாங்கி, பத்து நிமிடத்தில் கேட்டதே நினைவில்லாமல் மறுபடி கேட்பது அப்படியில்லை. மருத்துவர் நினைவாற்றலைச் சோதிப்பார், கூடவே சரிசெய்யக்கூடிய காரணங்கள் ஏதும் இருக்கிறதா என்று தேடுவார், அதில் சில விஷயங்களை நீங்களே நினைவுபடுத்தலாம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு பி12 சத்து குறைவது உண்டு, அந்தக் குறைவே மறதியைக் கொண்டுவரும். தைராய்டு குறைந்தாலும் மந்தம் தட்டும். தூக்க மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகள், இவை வயதானவர்களின் மூளையை நேராக மங்கவைக்கும், எனவே டப்பாவில் இருக்கும் அத்தனை மாத்திரைகளையும், மருந்துச் சீட்டில் இல்லாதவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரையை அளவுக்கு மீறிக் குறைப்பதும் ஆபத்துதான், தாழ்சர்க்கரை பல முதியவர்களுக்கு வியர்வையாகவோ நடுக்கமாகவோ தெரியாமல் வெறும் குழப்பமாகத் தெரியும். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி விழிப்பது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், அம்மா. இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று நமக்குத் தோன்றும். கூடவே வாழ்ந்தவர் போன பிறகு வரும் மனச்சோர்வு முதியவர்களிடம் அழுகையாக வெளிவருவது குறைவு. எதிலும் பிடிப்பில்லை, பசியில்லை, விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, "எல்லாம் மறந்துபோகிறது" என்ற புலம்பல், இப்படித்தான் வரும். மனச்சோர்வு டிமென்ஷியாவைப் போலவே வேஷம் போடும், டிமென்ஷியாவுக்கு முன்னோடியாகவும் வரும். இரண்டில் எதுவானாலும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு, அதனால் மருத்துவரிடம் இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்வதற்கு அவரை விடுங்கள், நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

இப்போது உங்கள் கணவர் சொன்ன தனிமைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அந்த 14 காரணிகளில் சமூக உறவுகள் அற்றுப்போவதும் ஒன்று. பேச்சு என்பது மூளைக்குக் கடினமான வேலை, கேட்க வேண்டும், பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும், எதிராளியின் முகத்தைப் படிக்க வேண்டும், பழைய கதை ஒன்றைத் தேடி எடுக்க வேண்டும், தன் முறை வரும்வரை அதைக் கைவிடாமல் காத்திருக்க வேண்டும், இத்தனையும் சில நொடிகளில். ஆனால் எதிர்த்திசையிலும் ஓட்டம் உண்டு. டிமென்ஷியாவின் மிக ஆரம்பத்தில் இருப்பவர்களே கூட்டத்திலிருந்து ஒதுங்க ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் தடுமாற்றம் மற்றவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு, எந்தச் சீட்டு இறங்கியது, எது பாக்கி என்ற கணக்கு ஒருநாள் மேசையில் எல்லோர் முன்னாலும் நழுவினால் எப்படி இருக்கும்? ஒதுங்கியதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் ஒதுங்கினாரா என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். நல்ல வேளையாக, தொடங்குவதற்கு அதைப் பிரித்தறிய வேண்டியதில்லை.

பேச்சையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் உண்டு. ஐ-கனெக்ட் என்று பெயர், 75 வயதைத் தாண்டிய, அதிகம் பேச்சுத்துணை இல்லாத 186 பேர். ஒரு பகுதியினரோடு பயிற்சி பெற்றவர்கள் வாரத்துக்கு நாலு நாள், அரைமணி நேரம் வீடியோவில் உரையாடினார்கள், மற்றவர்களுக்கு வாரம் ஒரு முறை சின்ன நலவிசாரிப்பு போன் மட்டும். ஆறு மாத முடிவில் உரையாடியவர்களின் அறிவாற்றல் மதிப்பெண் கூடியிருந்தது. மருந்து இல்லை, பேச்சு மட்டும். ஆனால் அது "சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா" என்ற பேச்சு இல்லை. நம்மில் பலர் பெற்றோரோடு தினமும் பேசுவது அந்த இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. அதைவிட மோசம், மறதி வந்தபின் அவர்களுக்குப் பரீட்சை வைப்பது. "இன்று என்ன கிழமை, சொல்லுங்கள் பார்க்கலாம்", "இவர் யார் தெரிகிறதா?" தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அன்பில்தான் கேட்கிறோம், ஆனால் ஒவ்வொரு முறை தோற்கும்போதும் அவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விடுவார். "இன்று வெள்ளிக்கிழமை, இவனுக்கு நாளை லீவு" என்று தகவலை நாமே பேச்சில் போட்டுக்கொண்டு போகலாம். உங்கள் மகனுக்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் நிஜமாகவே புரியாத இடம் இருந்தால், வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீடியோவில் தாத்தாவிடம் கேட்கட்டும். தெரிந்துகொண்டே கேட்டால் அவர் கண்டுபிடித்துவிடுவார், ஆசிரியர் அல்லவா. அரைமணி நேரம் வடிவியலோ இயற்கணிதமோ சொல்லிக்கொடுப்பவர் செய்யும் மூளை வேலையை எந்தச் செயலியும் வாங்காது.

அந்தச் செயலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூளைப் பயிற்சி விளையாட்டுகளில் ஒருவர் பழகப் பழக அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவார், அந்தக் கெட்டிக்காரத்தனம் வீட்டுச் சாவியைத் தேடும்போது கை கொடுக்குமா என்பது வேறு. அவருக்குப் பிடித்திருந்தால் ஆடட்டும். பிடிக்கவில்லை, விட்டுவிடுங்கள். நினைவாற்றல் மாத்திரைகளுக்கு என் பதில் இதைவிடச் சுருக்கம், வேண்டாம். மிகப் பிரபலமான ஜின்கோ என்ற மூலிகைச் சாற்றையே 3,000-க்கும் மேற்பட்ட முதியவர்களிடம் பல வருடம் கொடுத்துப் பார்த்து, டிமென்ஷியாவைத் தடுக்கவில்லை என்று 2008-ல் முடிவு வெளியானது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அதனால் ரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. பி12 குறைவு என்று பரிசோதனையில் தெரிந்தால் பி12 கொடுப்பது வேறு விஷயம், அது சிகிச்சை.

இனி நடை. உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் கடந்துபோய்விட்டீர்கள், நண்பர் போனார், நடை நின்றது என்று. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: உங்கள் அப்பாவுக்கு நடைப் பழக்கம் என்று தனியாக ஒன்று இருக்கவில்லை, அந்த நண்பர் இருந்தார். காலையில் ஒருவர் வாசலில் காத்திருப்பார் என்பதற்காகத்தான் எழுந்தார், அதனால் இரவில் நேரத்துக்குத் தூங்கினார், நடந்ததால் பசித்தது, பசித்ததால் ஒழுங்காகச் சாப்பிட்டார், சர்க்கரையும் கட்டுக்குள் நின்றது. ஒரு மனிதர் போனதும் அத்தனையும் வரிசையாகச் சரிந்திருக்கிறது. இதைத் திருப்பி நிறுத்த "தினமும் அரைமணி நடங்கள் அப்பா" என்று போனில் சொல்வது பிரயோஜனப்படாது, அவருக்கு அது தெரியாததா? இன்னொரு ஆள் வேண்டும்.

நடையின் பலனில் சந்தேகம் இல்லை. 2011-ல் வந்த ஒரு ஆய்வில் 120 முதியவர்களில் பாதிப் பேரை வாரம் மூன்று நாள் வேகநடை போக வைத்தார்கள், ஒரு வருடத்தில் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதி அவர்களுக்கு 2 சதவீதம் அளவு பெருத்திருந்தது, வெறுமனே கைகால் நீட்டிப் பயிற்சி செய்தவர்களுக்கு வழக்கம்போலச் சுருங்கியிருந்தது. பின்லாந்தில் நடந்த ஃபிங்கர் ஆய்வு, 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரில் ஒரு பாதிக்கு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தம் சர்க்கரை கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தது, அவர்கள் அறிவாற்றல் சோதனைகளில் மற்றவர்களைவிட மேலாக வந்ததை 2015-ல் வெளியிட்டார்கள். அதே வழியில் அமெரிக்காவில் 2,100-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2025-ல் வந்தது. அங்கே இரண்டு குழுவுக்குமே ஆரோக்கியமாக வாழச் சொன்னார்கள், ஒரு குழுவைத் தாங்களாகவே செய்துகொள்ள விட்டார்கள், இன்னொரு குழு அடிக்கடி ஒன்றுகூடி, திட்டத்தோடு, விசாரிக்க ஆள் வைத்துச் செய்தது. இரண்டுமே முன்னேறின, கூடிச் செய்த குழு கொஞ்சம் அதிகம். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல அந்த ஆய்வால் முடியாது, ஆனால் முதியவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்திருக்கும் எண்ணத்தோடு அது ஒத்துப்போகிறது, ஆள் இருந்தால்தான் பழக்கம் நிற்கும்.

எனவே சீட்டுக் குழுவில் இருந்த நாலு பேரில் அமைதியானவர் யார் என்று விசாரித்து, அவரிடம் நீங்களே பேசுங்கள். "அப்பாவுக்கு மறதி" என்று ஆரம்பிக்க வேண்டாம், "அப்பா தனியாக நடக்கச் சோம்பல்படுகிறார், வாரத்தில் மூன்று நாள் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறீர்களா?" என்று கேளுங்கள். நேரம் குறித்துக்கொள்ளுங்கள், வீட்டு வாசலுக்கு வந்து கூப்பிடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிடம் நடந்தாலும் சரி. முதியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும், அதோடு மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கவும் வலுவாக இருக்கவும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அந்த எண்ணை மெல்ல எட்டினால் போதும். இரண்டு வருடமாக இருக்கும் இடத்தை விட்டு அசையாதவர் என்றால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சீட்டையும் திருப்பலாம், நாலு பேரை எதிர்கொள்ள முடியாதவரால் ஒருவரோடோ இருவரோடோ, டிவி அணைத்த அறையில், வெளிச்சம் எதிராளியின் முகத்தில் விழும்படி உட்கார்ந்து ஆட முடியும். ஊரைவிட்டுப் போன பழைய நண்பரையும் விட்டுவிடாதீர்கள், வாரம் ஒரு நாள் குறிப்பிட்ட நேரத்தில் வீடியோவில் அழைக்கச் சொல்லுங்கள், முகம் தெரிந்தால் காது குறைந்தவர்களுக்குப் பேச்சு சுலபமாகப் புரியும்.

உணவைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் நல்லதென்று அவருக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருப்பதே மூளைக்கும் நல்லது. புகை இருந்தால் நிறுத்த வேண்டும், எந்த வயதிலும் பலன் உண்டு. பகல் தூக்கத்தை அரைமணியோடு நிறுத்தப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக்குக் கூட்டி வரும் யோசனையில் அவசரம் காட்ட வேண்டாம் என்பது என் கருத்து. தன் வீட்டில் இருட்டிலும் அவருக்குக் குளியலறைக்கு வழி தெரியும், எந்த அலமாரியில் எது என்று கை தானாகப் போகும். மறதி தொடங்கிய ஒருவரைப் புது வீட்டில் வைத்தால் அந்தப் பழக்கங்கள் எதுவும் உதவாது, குழப்பம் கூடியது போலத் தெரியும். அதோடு நீங்கள் இருவரும் வேலைக்கு, பையன் பள்ளிக்கு, காலையிலிருந்து மாலைவரை தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத தெருவில் அவர் தனியாக இருப்பார். காதையும் மற்ற பரிசோதனைகளையும் முடித்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் தங்கிப் போகக் கூப்பிடுங்கள், அவருக்கு எப்படி இருந்தது என்று அவரிடமே கேளுங்கள். ஆனால் அடுப்பை எரியவிட்டுப் போகிறார், மாத்திரையை இரண்டு முறை சாப்பிடுகிறார், தெரிந்த தெருவிலேயே வழி தவறுகிறார், பணத்தை யாரிடமோ ஏமாறுகிறார் என்று ஏதாவது ஒன்று நடந்தால் இந்த நிதானம் பொருந்தாது, அவர் தனியாக இருக்கக் கூடாது, அன்றே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரே நாளில், சில மணி நேரத்தில், ஆள் மாறியது போலக் குழம்பினாலோ, விழுந்து தலையில் அடிபட்ட சில நாட்களிலோ வாரங்களிலோ மந்தமானாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கைகால் வலுவிழந்தாலோ வழக்கமான மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குக் கூட்டிப் போங்கள், அது மறதி நோய் இல்லை, தொற்றோ தாழ்சர்க்கரையோ ரத்தக்கசிவோ பக்கவாதமோ இருக்கும்.